என்னசேதி அக்காவின் மூன்று வரி

“என்ன சேதி?”

“எங்க வீட்டுப் பூனை அஞ்சு குட்டி போட்டுச்சுக்கா.”

“அது பூனையோட சேதி. நீ என்ன பண்ணினே?”

“நான் பக்கத்துல உக்காந்து எண்ணிக்கிட்டே இருந்தேன்.”

“அப்ப இது உன் சேதி. போடட்டுமா?”

பையன் வானத்தைப் பார்த்து யோசிக்கிறான். “போடுங்க” என்கிறான். நடுநிலைப்பள்ளியின் கிளார்க் அக்கா, காதில் செருகிய கட்டைப் பென்சிலை எடுத்து எழுதிக்கொள்கிறார். அடுத்து வருகிற பெண் தன் தம்பிக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறாள். “போடட்டுமா?” “வேணாம்க்கா.” எழுதியதன் மேல் ஒரு கோடு. ஏன் என்று கேட்பதில்லை. காலை மணி அடிக்கும் வரை பள்ளி வாசலில் இதுதான் நடக்கும். பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘என்னசேதி’. முகத்துக்கு நேராக மட்டும் கூட ஒரு ‘அக்கா’ சேர்த்துக்கொள்வார்கள்.

அவருடைய உத்தியோகம் வேறு. சேர்க்கைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ், சம்பளப் பட்டியல், சாக்பீஸ் இருப்பு எல்லாம் அவர் தலையில். பள்ளிச் செய்தித்தாள் யாரும் சுமத்தாத சுமை. முதலில் அது ஒரு வாத்தியாரின் பொறுப்பில் இருந்தது. அவர் மூன்று இதழ் போட்டார். ஒழுக்கம், தூய்மை, நேரம் தவறாமை. யாரும் படிக்கவில்லை, அலமாரித் தட்டில் விரித்தார்கள். நாலாவது இதழை அக்கா எழுதினார். “ஆறாம் வகுப்பில் நேற்று இரண்டு பேர் சண்டை போட்டார்கள். இன்று ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். காரணம் கேட்டால் இருவருமே சிரிக்கிறார்கள்.” அன்று தாள் பற்றாமல் போயிற்று.

வெள்ளிதோறும் ஒரே தாள், இரண்டு பக்கம். கையால் எழுதி, பள்ளி ஜெராக்ஸ் மெஷினில் முன்னூற்று நாற்பது பிரதி. பிள்ளைகள் முன்னூற்றுப் பன்னிரண்டு பேர். மிச்சம் வாத்தியார்களுக்கு, கல்வி அலுவலகத்துக்கு, கடைத்தெருவில் ஒட்ட. தொழிற்சங்கத் துண்டறிக்கை போட்டே வாழ்நாளைக் கழித்த ஒருவன் சொல்கிறேன்: நாங்கள் எழுதியதில் முக்கால்வாசி கூட்டம் கலைந்ததும் தரையில் கிடக்கும். அக்காவின் தாள் ஒன்றைத் தரையில் பார்த்ததில்லை. அதில் ஊர்ப் பிள்ளைகளின் பெயர் இருந்தது.

அவரிடம் இரண்டு கட்டளைகள். ஒன்று, நடக்காததை எழுதக்கூடாது. “நல்ல பையன், அமைதியான பொண்ணு, இதெல்லாம் சேதியா? செஞ்சது வேணும். இருந்தது வேணாம்” என்பார். இரண்டு, வருடத்துக்குள் பள்ளியில் ஒரு பிள்ளை விடாமல் ஒவ்வொருவர் பெயரும் ஒரு தடவையாவது தாளில் வந்தாக வேண்டும். இரும்பு அலமாரிக் கதவின் உட்புறம் முன்னூற்றுப் பன்னிரண்டு பெயர்களும் ஒட்டியிருக்கும். பெயர் அச்சேறினால் சிவப்பு மையில் ஒரு டிக். அந்த அலமாரியின் கதவு கோணல். சாவி போடுவதற்கு முன் இடுப்பால் ஓர் இடி இடித்தால்தான் மூடும். அந்தச் சத்தத்தை வைத்தே மூன்றாவது வகுப்பறை வரை, அக்கா ஏதோ எழுதிவிட்டார் என்று தெரிந்துகொள்வார்கள்.

‘போடட்டுமா’ என்ற கேள்வி மட்டும் ஆறு வருடத்துக்கு முன் கிடையாது. அப்போது கேட்டால் சிரிப்பார். “கேட்டுட்டு போட்டா அது சேதியா தோழரே? விண்ணப்பம். காலைல தாளைப் பிரிக்கிறப்ப அந்த மூஞ்சியில ஒரு வெளிச்சம் வரும் பாருங்க, அதுதான் எனக்குக் கூலி.”

ஆறு வருடத்துக்கு முன், அந்த வருடத்தின் கடைசி இதழுக்கு, பட்டியலில் டிக் விழாத பெயர் ஒன்றே ஒன்று பாக்கி நின்றது. ஏழாம் வகுப்புப் பெண். வருட நடுவில் வந்து சேர்ந்தவள். ஓட்டப்பந்தயத்தில் இல்லை, பாட்டில் இல்லை, கண்காட்சியில் இல்லை. வாசலில் “என்ன சேதி?” என்றால், “ஒண்ணும் இல்லக்கா” என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போவாள். பதினோரு வருடமாக ஒரு பெயரையும் விடாதவர் அக்கா. ஒரு வாரம் அந்தப் பெண்ணின் பின்னாலேயே கண்ணாக இருந்தார்.

புதன்கிழமை பிடிபட்டது. மழைக்கு முந்தின அரை மணி நேரத்தில், அந்தப் பெண் மாடிப்படிக்கு அடியில் இருந்து வாளிகளை எடுத்துக்கொண்டு போனாள். வகுப்பில் ஏழு இடத்தில் வைத்தாள். மழை வந்தது. ஏழு சொட்டும் ஏழு வாளியில் விழுந்தது. ஒரு வாளியைக்கூட நகர்த்த வேண்டியிருக்கவில்லை. வகுப்பு வாத்தியாரைக் கேட்டால், “அவ வந்ததுலேர்ந்து அப்படித்தானே? நோட்டு ஒண்ணும் நனையறதில்ல” என்றார், ஏதோ சூரியன் கிழக்கே உதிப்பதைச் சொல்வதுபோல.

முதல் பக்கத்தின் கீழே மூன்று வரி. பெயரை எழுதி, அடுத்து இப்படி: “ஏழாம் வகுப்பு அறையில் மழை ஒழுகும் இடங்கள் ஏழு. மழை வருமுன்பே ஏழு இடத்திலும் வாளி வைத்துவிடுகிறார். இந்த வருடம் அந்த வகுப்பில் ஒரு நோட்டுகூட நனையவில்லை.”

தலைமையாசிரியருக்கு வேர்த்துவிட்டது. நல்ல மனிதர்தான், கல்வி அலுவலகம் என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

“அம்மா, இது மேலிடத்துக்குப் போற தாளு. ஸ்கூல் ஒழுகுதுன்னு நாமளே தண்டோரா போடணுமா?”

“ஒழுகுதா இல்லையா சார்?”

“ஒழுகுது. அதுக்காக?”

“அப்ப போடறேன் சார்.”

“பின்பக்கத்துல என்னோட ஆண்டு இறுதிச் செய்தி வருது. நான் முன்னேற்றம்னு எழுதியிருக்கேன். நீங்க முன்னாடி ஒழுகலைப் போட்டா என்னம்மா அர்த்தம்? ஓட்டப்பந்தயத்துல கலந்துகிட்டான்னு ரெண்டு வார்த்தை எழுதிட்டு விடுங்களேன்.”

“ஓடலையே சார்.”

முக்கால் மணி நேரம் நடந்தது. சம்பள உயர்வுக்கு நான் உட்கார்ந்த மேசைகளில்கூட அவ்வளவு உறுதியை அதிகம் பார்த்ததில்லை. கடைசியில் தலைமையாசிரியர் கையை உதறினார். “என்னமோ பண்ணுங்க. நான் பாக்கலை.”

வியாழக்கிழமை மாலை பிரதி எடுத்தாயிற்று. முன்னூற்று முப்பதாவது தாளுக்கு மேல் மெஷினில் மைத்தூள் தீர்ந்து, கடைசிப் பத்தும் சாம்பல் நிறத்தில் வந்தன. பெற்றோர் கழகத்தில் எனக்கு ஒரு பொறுப்பு இருந்ததால், தாள் மடிக்க வியாழன்தோறும் போவேன். மடிப்பதற்கு உட்கார்ந்தபோதுதான் அந்தப் பெண் வாளிகளைத் திரும்ப வைத்துவிட்டு, மாடிப்படி அறைச் சாவியைக் கொடுக்க வந்தாள். மேசையில் தாள். தன் பெயர்.

அக்கா அந்த முகத்தில் வெளிச்சத்துக்குக் காத்திருந்தார். வரவில்லை. சாவி கீழே விழுந்தது. பெண் திரும்பி ஓடினாள்.

“வெக்கம்” என்றார் அக்கா. நம்பிச் சொன்ன குரலாக இல்லை.

அரை மணி நேரத்தில் தாய் வந்தார். ஆயத்த ஆடைக் கம்பெனியில் துணி வெட்டுகிற மேசையில் வேலை. தலைமுடியில் நூல் துணுக்கு, தோளில் இஞ்ச் டேப். பின்னால் மகள். தாய் உட்காரவில்லை.

“அக்கா, இந்தத் தாளு எங்கெல்லாம் போகும்?”

“பிள்ளைங்களுக்கு. கடைத்தெருவுக்கு. ஏம்மா?”

“ரோட்டுல லாரி நிக்கிற டீக்கடையில ஒட்டுவீங்களாமே?”

“ஒட்டுவோம்.”

“இவங்கப்பா லாரி ஓட்டறாரு.”

அவ்வளவுதான் சொன்னார். பிறகு டேப்பை இடது தோளில் இருந்து வலதுக்கு மாற்றினார். அந்த இடது கை முழங்கையில் பாதிக்கு மேல் நீளவில்லை. முறிந்து, சரியாகக் கூடாத கை. அவராகவே சொன்னார்: “இது மூணாவது ஊருக்கா. இங்கதான் இவ ராத்திரி முழுசா தூங்கறா.”

அக்கா சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தார். பக்கத்தைப் புரட்டினார். தந்தை பெயர், தொழில், முகவரி என்ற கட்டங்கள் காலி. ஓரத்தில் பென்சிலில், அவருடைய அதே மணிமணியான கையெழுத்தில்: “தாய் சொல்படி காலியாக விடப்பட்டது.” அந்தப் பென்சில் வரி மேல் விரலை வைத்தார்.

“நான் விட்ட காலியை நானே மறந்துட்டேன். ஊர்க் கண்ணெல்லாம் எனக்கு, சொந்தக் கண்ணு பொட்டை.”

“பேரை மட்டும் அடிச்சா போதாதா?” என்றேன் நான்.

தாய் தலையை ஆட்டினார். “பேரே வேணாங்க. வாளின்னு படிச்சாலே போதும், அவருக்குத் தெரிஞ்சிடும். வீட்டுலயும் இவ இப்படித்தான், ஒழுகறதுக்கு முன்னாடி பாத்திரத்தோட நிப்பா.”

மூன்று வரியும் போக வேண்டும். மறுநாள் வருடத்தின் கடைசி வேலைநாள், காலையில் தாள் கொடுத்தாக வேண்டும். மெஷினில் மை இல்லை. ஊரில் இருக்கிற ஒரே ஜெராக்ஸ் கடைக்கு வியாழக்கிழமை விடுமுறை. மையால் பூசிவிடலாமே என்றேன். “வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா தெரியும். லாரிக்காரருக்கு வெளிச்சத்துக்கா பஞ்சம்?” என்றார் அக்கா. வெட்டி எடுப்பது ஒன்றுதான் வழி. வெட்டினால் பின்பக்கத்தில் என்ன போகும் என்று தாளைத் திருப்பிப் பார்த்தார். தலைமையாசிரியரின் ஆண்டு இறுதிச் செய்தி. நட்டநடு வயிறு. அக்கா ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தார். “போகட்டும்.”

எண்ணினோம். முன்னூற்று முப்பத்தெட்டு. ஒன்று தலைமையாசிரியர் மேசையில் இருந்தது. அவர் வீட்டுக்குப் போயிருந்தார், அறைச் சாவி அக்காவிடம். இன்னொன்று டீக்கடைக்குப் போய்விட்டது. முதல் பிரதியை வியாழன் மாலையே அங்கே கொடுப்பது வழக்கம். அக்கா ஓடி நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன்.

கடைக்காரர் ஒட்டி முடித்து, எட்ட நின்று அழகு பார்த்துக்கொண்டிருந்தார். “வாங்கக்கா. அந்த வாளிப் பொண்ணு சேதி ஏ-ஒன். இன்னும் ஒரு பயலும் பாக்கலை, நான்தான் முதல் ஆளு.”

“அண்ணே, தப்பா போட்டுட்டேன். கிழிக்கிறேன்.”

“அட, பசை காயலக்கா, முழுசா வராது.”

அக்கா நகத்தால் சுரண்டினார். சுவரின் சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது. “இந்தச் சேதியை நீங்க படிக்கலை” என்றார். கடைக்காரர் அக்காவின் நகத்தைப் பார்த்தார். ஓரத்தில் ரத்தம். “நான் என்னைக்குக்கா படிச்சேன்? படம் இருந்தா பாப்பேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பாலைக் கிளறினார்.

நாங்கள் திரும்பி வந்தபோது, தாய் கம்பெனிக்குப் போய்த் தன் கத்தரியைக் கொண்டுவந்திருந்தார். முழங்கை நீளத்துக்கு இரும்பு. “இருவது இருவதா அடுக்குங்க. விளிம்பு தட்டி அடுக்கணும். ஒண்ணு நகர்ந்தா எல்லாம் நகரும்.” அவர் குரலே மாறிவிட்டது. இது அவருடைய மேசை. மேல்தாளில் அளந்து கோடு கிழித்தார், முனையால் குத்தித் திறந்தார், நான்கு பக்கமும் வெட்டினார். நாங்கள் இரண்டு பேரும் அடுக்கிக்கொடுக்கிற கைகள். பதினேழு கட்டு. அக்காவுக்கு இப்போதும் பேசாமல் இருக்க முடியவில்லை.

“நல்லா வெட்டறியேம்மா. இதையே ஒரு சேதியா போடலாம்.”

தாய் நிமிர்ந்து பார்த்தார். அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு தாய்தான் முதலில் சிரித்தார். அப்புறம் மகள்.

வெட்டி விழுந்த துண்டுகளை அந்தப் பெண் ஒரு வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தாள். கூழாகும் வரை விடவில்லை. வெளியே இருட்டத் தொடங்குமுன்பே வேலை முடிந்துவிட்டது. தாய் கத்தரியைத் துணியில் சுற்றினார். போகவில்லை, நின்றார். கையில் ஒரே ஒரு துண்டு, நனையாதது.

“இதை மட்டும் நான் வெச்சுக்கட்டுமாக்கா? தையல் பெட்டிக்கு அடியில வெச்சுடறேன். யாருக்கும் காட்ட மாட்டேன்.” பிறகு அதை இன்னொரு தடவை படித்தார். “ஒரு நோட்டுகூட நனையலைன்னு எழுதியிருக்கீங்க.”

“உண்மைதானே” என்றார் அக்கா.

வெள்ளிக்கிழமை காலை முன்னூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளும் ஓட்டை போட்ட தாளோடு வகுப்புக்குப் போனார்கள். படித்தவன் குறைவு. எல்லோரும் அந்த ஓட்டைச் சன்னலில் ஒற்றைக் கண்ணை வைத்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏழாம் வகுப்பில் அந்தப் பெண்ணும் பார்த்தாள்.

தலைமையாசிரியர் முன்பக்கத்தை மட்டும்தான் முதலில் பார்த்தார். முகம் மலர்ந்தது. “மழையை எடுத்துட்டீங்களா! இதைத்தானேம்மா நான் அன்னைக்கே சொன்னேன். கோபத்துல பேசறதைவிட ஆற அமர யோசிச்சா...”

“ஆமா சார்.”

பிறகு திருப்பினார். “எனது தலைமையில் நமது பள்ளி அடைந்துள்ள” என்று ஒரு வரி போனது. அதற்கடுத்துச் சன்னல். சன்னல் வழியே அவருடைய சொந்த மேசைக் கண்ணாடி தெரிந்தது. சன்னலுக்குக் கீழே, “என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.”

மெமோ கொடுப்பது என்று முடிவாயிற்று. அந்தப் பள்ளியில் மெமோ தட்டச்சு செய்கிற ஆள் ஒருவர்தான். தலைமையாசிரியர் சொல்லச் சொல்ல அக்கா தனக்கான மெமோவைத் தானே அடித்தார். ‘வேண்டுமென்றே’ என்பதை அவர் இரண்டு இடத்தில் சொன்னார். “சார், ஒரு இடம் போதும்” என்று ஒன்றை எடுத்துவிட்டார். அனுப்புகைப் பதிவேட்டில் எண் போட்டார், கையெழுத்து வாங்கினார், வெளியே வந்து அதைத் தானே பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார். இருபத்தாறு வருட வேலையில் அவர் கோப்பில் ஏறிய முதல் மெமோ. அக்காவின் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று, “காரணத்தைச் சொல்லிடலாமே” என்று மெதுவாகச் சொன்னேன். “சாருக்குத் தெரிஞ்சா சார் வீட்டம்மாவுக்குத் தெரியும். நல்ல மனுஷங்கதான். நாலு பேர்கிட்ட பரிதாபப்படுவாங்க” என்றார்.

அந்தப் பெண் இப்போது கல்லூரியில் இருக்கிறாள். இதை எழுதட்டுமா என்று கேட்டேன். “எழுதுங்க, எந்த ஊருன்னு வேணாம்” என்று பதில் வந்தது.

அந்த மெமோவுக்கு விளக்கம் தர மூன்று நாள் அவகாசம். அக்காவுக்கு மூன்று நிமிடம் ஆனது. வெள்ளைத்தாளில், தாள் எழுதுகிற அதே கையெழுத்தில், ஒரே வரி: “வெட்டும்போது கை தவறிவிட்டது.” எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தார். முகத்தில் ஏதோ கசந்தது. கையெழுத்திட்டுக் கொண்டுபோய் வைத்தார்.

“முன்னூத்தி நாப்பது தடவையும் தவறுச்சா?”

“ஆமா சார்.”

தலைமையாசிரியர் தாளை எடுத்து ஓட்டையின் விளிம்பைத் தடவினார். அடிஸ்கேல் வைத்ததுபோல நேராக இருந்தது. அக்காவின் கையைப் பார்த்தார்.  ஒரு நகத்தில் துணி சுற்றியிருந்தது. என்ன நினைத்தாரோ, விளக்கத்தைக் கோப்பில் போட்டு நாடாவைக் கட்டினார். “போங்க. போய் வேலையைப் பாருங்க.”

அக்கா அலுவலகத்துக்கு வந்து அலமாரியைத் திறந்தார். கதவின் உட்புறம் முன்னூற்றுப் பதினொன்று டிக். ஒரு பெயருக்கு நேரே வெறும் இடம். சிவப்புப் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார். மறுபடி கழற்றினார். டிக் அடித்தார். இடுப்பால் ஓர் இடி இடித்துக் கதவை மூடினார்.